திசையும் ஒரு சாட்சி

திருச்செந்தூருக்கு வந்து சேரும் பெருவழிகள் மூன்று. மேற்கேயிருந்து திருநெல்வேலிச் சாலை வருகின்றது; வடக்கேயிருந்து தூத்துக்குடிச் சாலை வருகின்றது; தெற்கேயிருந்து குலசேகரன்பட்டினச் சாலை வருகின்றது. கிழக்கே சாலையில்லை, கடல் உண்டு. பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் வரையும் குறுக்குக் கோடுகளை இயற்கையே நிலத்தில் வரைந்து வைத்தது போன்றதோர் அமைப்பு இது. தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், ஆவணித் திருவிழா, கந்த சஷ்டி என ஆண்டு முழுவதும் இச்சாலைகளில் மக்கள் பெருகி வருவர். தை மாதத்திலோ, பச்சை உடுத்திக் கால்நடையாக வரும் அடியார் கூட்டம் இரவு பகலாக நீண்டிருக்கும். அவர்களை ஒட்டியே கார்களும் பேருந்துகளும் சுமை வண்டிகளும் விரைந்து செல்லும்.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய தை மாத மாலைப்பொழுதொன்றில், நாம் மாணவர் சிலருடன் அவ்வழியே சென்றபோது, ஒரு சந்திப்பில் காரொன்றும் சுமை வண்டியொன்றும் மோதி நின்றதைக் கண்டோம். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. கார் மிகவும் நசுங்கியிருந்தது. அதை ஓட்டி வந்தவரின் நெற்றியில் இரத்தம் வடிந்தது. சுமை வண்டியின் முகப்பில் சிறிது சிதைவு மாத்திரமே காணப்பட்டது. கூடி நின்றோர் ஒரு நிமிஷத்திற்குள் தீர்ப்புக் கூறிவிட்டனர். பெரிய வண்டி சிறிய வண்டியை அடித்துவிட்டது; ஆகையால் பெரிய வண்டிக்காரனே குற்றவாளி என்பது அத்தீர்ப்பு. சுமை வண்டியை ஓட்டியவர் ஓர் இளைஞர். "அண்ணாச்சி, நான் மெள்ளத்தான் வந்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது எவர் செவியிலும் ஏறவில்லை. இரண்டொருவர் அவர்மேல் கை வைக்கவும் செய்தனர்.

நம்முடன் வந்த மாணவர் ஒருவர், தரையில் சாய்வாக நீண்டு கிடந்த கரிய சக்கரத் தடத்தைக் காட்டி, "ஐயா, நாம் வகுப்பில் படித்த உந்தக் கணக்கு இதற்கு உதவாதா?" என்று கேட்டார். நாம் பௌதிகம் கற்பிப்பவர். ஆயினும் உடனே மறுமொழி கூற நமக்கு நா எழவில்லை. தடத்தை அளக்க வேண்டும் என்று நாம் எண்ணி முடிப்பதற்குள் வண்டிகள் ஓரத்திற்குத் தள்ளப்பட்டன. பின்னே காத்திருந்த வண்டிகள் அத்தடத்தின்மேல் ஏறிச் சென்றுவிட்டன. அவ்விளைஞர் பிழை செய்தாரா, இல்லையா என்பதை நாம் இன்றளவும் அறியோம். அறிந்திருக்கக் கூடியதை அறியாமல் விட்டோமே என்பதுதான் நம்மை வருத்துகின்றது. அம்மாணவரின் வினாவுக்குக் காலந்தாழ்த்திக் கூறும் விடையே இக்கட்டுரை.

நம் கருத்து இது. உந்தம் என்பது திசையோடு கூடிய அளவு. திசையை விட்டுவிட்டு அதனைக் கற்பவன் பாதியைக் கற்றவன் அல்லன், பிழையைக் கற்றவன். நேர்கோட்டில் இரு பந்துகள் மோதும் கணக்கோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, தளத்தில் நிகழும் மோதலைக் கடினமென்று ஒதுக்கும் வழக்கம் மாணவரிடையே மிகுந்திருக்கின்றது. தேர்வுக்கு அது போதுமாயிருக்கலாம். சாலைக்கு அது போதாது. ஏனெனில், சாலைச் சந்திப்பில் வண்டிகள் பெரும்பாலும் நேர்கோட்டில் மோதுவதில்லை.

இப்பிழை நம் மாணவர்க்கே உரியதன்று; பேரறிஞரும் செய்த பிழையே. பிரெஞ்சு தத்துவஞானியான தெக்கார்த் 1644-இல் வெளியிட்ட நூலில், உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறுவதில்லை என்று உரைத்தார். கருத்து உயர்ந்தது. ஆனால் அவர் பொருளின் அளவையும் வேகத்தையும் பெருக்கினாரேயன்றித் திசையைக் கணக்கில் சேர்த்தாரில்லை. ஆகையால் அவர் வகுத்த மோதல் விதிகள் பல, கண்ணெதிரே நிகழும் மோதலுக்கே முரண்பட்டன. 1668-இல் லண்டன் ராயல் சங்கத்தார் இவ்விஷயத்தை ஆராயுமாறு அறிஞரை வேண்டினர். வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் விடையனுப்பினர். அவை 1669-இல் அச்சேறின. ஒரு திசைக்குக் கூட்டல் குறியும், எதிர்த் திசைக்குக் கழித்தல் குறியும் இட்டுக் கூட்டினாலே மொத்தம் மாறாது நிற்கும் என்பது அவர்கள் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட பெருநூலில் இது இயக்க விதிகளின் பயனாக நிலைபெற்றது.

தளத்தில் நிகழும் மோதலுக்கு இவ்விதியை எவ்வாறு பொருத்துவது? இரண்டு பேரேடுகள் வைத்துக்கொள்க. ஒன்று கிழக்கு மேற்குப் பேரேடு. மற்றொன்று வடக்கு தெற்குப் பேரேடு. ஒவ்வொரு பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி, கிழக்கு நோக்கிய பங்கை ஒன்றிலும், தெற்கு நோக்கிய பங்கை மற்றொன்றிலும் எழுதுக. மோதலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பேரேடும் தனித்தனியே சரியாக இருத்தல் வேண்டும். கடைக்காரர் அரிசிக் கணக்கில் வந்த குறையை எண்ணெய்க் கணக்கில் மிகுந்ததைக் கொண்டு ஈடு செய்ய ஒண்ணாது. அவ்வாறே கிழக்கில் குறைந்ததைத் தெற்கில் மிகுந்ததைக் கொண்டு நிரப்ப இயலாது. இவ்வளவே அதன் கடினம்.

வேகம் மாறாமல் திசை மாத்திரம் மாறினாலும் உந்தம் மாறியதாகும். இது சிலருக்கு வியப்பாயிருக்கும். ஓடும் பொருளொன்றின் வேகத்தைச் சிறிதும் குறைக்காமல் 60 பாகை திருப்புவதற்கு வேண்டிய உந்தம், அதனை அறவே நிறுத்துவதற்கு வேண்டிய உந்தத்திற்குச் சமமானது. இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்திலுள்ள குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாம் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவப்படும் ராக்கெட், நேர் தெற்கே செல்லுமாயின் இலங்கையின்மேல் பறக்க நேரிடும். ஆகவே முதலில் தென்கிழக்கே சென்று, பின்னர்த் தெற்கே திரும்புகின்றது. அத்திருப்பத்திற்கும் எரிபொருள் செலவாகின்றது. அந்த அளவுக்கு அது சுமந்து செல்லக்கூடிய பாரம் குறைகின்றது. குலசேகரன்பட்டினத்திலிருந்தோ தெற்கே திறந்த கடல், திருப்பம் வேண்டுவதில்லை. சிறிய ராக்கெட்டுகளுக்கு இச்சேமிப்பு மிகப் பெரிது. திசைக்கு விலையுண்டு என்பதை இதனினும் தெளிவாக உரைக்கும் பாடம் யாது?

நிற்க. ராக்கெட்டைத் தொட்டுப் பார்க்க முடியாதவர், தம் விடுதியிலுள்ள கேரம் பலகையைத் தொட்டுப் பார்க்கலாம். விடுதி மாணவர் பாடத்தை மறந்து ஆடுகின்றனர் என்று குறைகூறப்படும் அப்பலகை, உண்மையில் தளமோதலுக்கு அமைந்த நல்லதோர் ஆய்வுக்கூடமாகும். போரிக் பவுடர் தூவிய பலகையில் உராய்வு குறைவு. காய்கள் ஒத்த நிறையுடையன. அசையாது கிடக்கும் காயின்மேல் மற்றொரு காயை ஓரமாக மோதவிடுக. இரண்டும் பிரிந்து செல்லும் வழிகளுக்கிடையே ஏறக்குறைய நேர்கோணம் அமைவதைக் காணலாம். மோதலில் ஆற்றல் சிறிதும் வீணாகாதிருப்பின் அது முழு நேர்கோணமாகவே இருக்கும். மரம் முழு மீட்சி உடையதன்று ஆதலின் சற்றுக் குறைகின்றது. ஒரு காய் இடப்புறம் சாய்ந்தால் மற்றது வலப்புறம் சாய்ந்தே தீரும். மோதலுக்கு முன் பக்கவாட்டில் உந்தம் இல்லை. பின்னும் இரண்டின் பக்க உந்தங்களைக் கூட்டினால் சூனியமே வரும்.

இனி ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொள்க. விதிப்படி அதன் நிறை 15 கிராமுக்கு மிகலாகாது. காயின் நிறை 5 கிராமுக்குச் சற்று மேற்பட்டது. பாரமான பொருள், நின்றுகொண்டிருக்கும் இலேசான பொருளை மோதினால், எவ்வளவு திறமையாக ஓரத்தில் மோதினாலும், ஓரெல்லைக்கு மேல் தன் வழியிலிருந்து விலக மாட்டாது. நிறை மும்மடங்காயின் அவ்வெல்லை 19½ பாகை. ஆகவே தனித்துக் கிடக்கும் காயை அடித்த ஸ்ட்ரைக்கர் ஏறக்குறைய தன் வழியிலேயே முன்னேறிச் சென்று, பல வேளைகளில் குழிக்குள் விழுந்து ஆடுவோரை வருத்துகின்றது. அர்ஜுனா விருதை 1996-இல் பெற்ற மரிய இருதயமும், 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் பந்தயத்தில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமாவும் சென்னையில் பழகித் தேர்ந்தவர்கள். அவர்கள் விரல் நுனியில் இருந்த அறிவும், நம் புத்தகத்தில் இருக்கும் சூத்திரமும் ஒரே பொருளைப் பற்றியனவே.

ஆட்டக்காரர் முன்னோக்கிக் கணக்கிடுகின்றார்: இவ்வாறு அடித்தால் காய் எங்கே போகும்? விஞ்ஞானி பின்னோக்கியும் கணக்கிடுவார்: காய் இங்கே வந்திருக்கின்றதே, அடித்தது எது? 1932-இல் சாட்விக் என்னும் ஆங்கில அறிஞர், பெரிலியத்திலிருந்து வெளிப்பட்ட, கண்ணுக்குப் புலப்படாத துகள்கள் மெழுகிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களையும், நைட்ரஜன் அணுக்கருக்களையும் எவ்வளவு வேகத்தில் தள்ளுகின்றன என்பதை ஒப்பிட்டார். தள்ளுண்டவற்றின் வேகத்தைக் கொண்டே, தள்ளியதன் நிறை புரோட்டானின் நிறையை ஒத்தது என்று நிறுவினார். நியூட்ரான் இவ்வாறே அறியப்பட்டது. மோதலை நேரில் கண்டவர் ஒருவருமில்லை. மோதலுக்குப் பின் எஞ்சிய இயக்கமே சாட்சி கூறிற்று.

சாலைச் சந்திப்பிலும் இப்பின்னோக்கிய கணக்கே நமக்கு வேண்டுவது. ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். மேற்கேயிருந்து கிழக்கு நோக்கி 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் வருகின்றது. வடக்கேயிருந்து தெற்கு நோக்கி 2,000 கிலோகிராம் நிறையுள்ள சுமை வண்டி வருகின்றது. இரண்டும் மோதி, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, சக்கரங்கள் உருளாமல் 14 மீட்டர் தூரம் தென்கிழக்காக இழுபட்டு நிற்கின்றன. அளந்து பார்த்தால், மோதிய இடத்திலிருந்து அவை கிழக்கே 11.2 மீட்டரும், தெற்கே 8.4 மீட்டரும் நகர்ந்திருக்கின்றன. அதாவது, கிழக்கே நான்கு அடி வைத்தால் தெற்கே மூன்று அடி.

உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் உராய்வினால் வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் ஏறக்குறைய 7 மீட்டர் வீதம் குறையும். அவ்வாறாயின் 14 மீட்டர் இழுபட்டு நின்ற வண்டிகள், மோதிய உடனே விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் புறப்பட்டிருத்தல் வேண்டும். இரண்டின் மொத்த நிறை 3,000 கிலோகிராம்; எனவே மொத்த உந்தம் 42,000 அலகு. அதில் கிழக்குப் பேரேட்டிற்கு ஐந்தில் நான்கு பங்கு, 33,600. தெற்குப் பேரேட்டிற்கு ஐந்தில் மூன்று பங்கு, 25,200. (இரண்டையும் கூட்டினால் 42,000 வரவில்லையே என்று மருள வேண்டா, செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைக் கூட்டினால் கர்ணம் வருவதில்லை.) கிழக்கு உந்தம் முழுவதும் காரினுடையது, ஆகவே கார் வந்த வேகம் விநாடிக்கு 33.6 மீட்டர், அஃதாவது மணிக்கு 121 கிலோமீட்டர். தெற்கு உந்தம் முழுவதும் சுமை வண்டியினுடையது. அதனை 2,000-ஆல் வகுத்தால் விநாடிக்கு 12.6 மீட்டர், மணிக்கு 45 கிலோமீட்டர்.

பெரிய வண்டி மெள்ளத்தான் வந்திருக்கின்றது. சிறிய வண்டியே பாய்ந்து வந்திருக்கின்றது. கூட்டத்தார் நசுங்கியதைக் கண்டு இரங்கி, நசுக்கியதைக் கண்டு சினந்தனர். தடத்தின் சாய்வை எவரும் கண்டாரில்லை.

"உராய்வின் அளவை நீர் ஊகித்தீர், நம் பக்கத்துத் தேரி மணல் காற்றில் பறந்து வந்து சாலையில் படிந்திருந்தால் என் செய்வீர்?" என்று ஒருவர் வினவலாம். தக்க வினா. மணலால் உராய்வு பாதியாகக் குறைந்திருந்தது என்றே கொள்வோம். அப்போது காரின் வேகம் மணிக்கு 86 கிலோமீட்டர் ஆகும். சுமை வண்டியின் வேகம் 32 கிலோமீட்டர் ஆகும். இரண்டும் குறைந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க: முன்னைய கணக்கிலும் பின்னைய கணக்கிலும், காரின் வேகத்திற்கும் சுமை வண்டியின் வேகத்திற்கும் உள்ள விகிதம் 8-க்கு 3 என்பதே. உராய்வு எவ்வளவாயினும் அவ்விகிதம் மாறாது. ஏனெனில், அதனை நிர்ணயிப்பவை வண்டிகளின் நிறையும் தடத்தின் சாய்வும் மாத்திரமே. மழை பெய்யலாம், மணல் படியலாம், சாலை தேய்ந்திருக்கலாம். எவன் விரைந்து வந்தான் என்பதைத் திசை மாற்றிச் சொல்லாது. ஆகவேதான் திசையும் ஒரு சாட்சி என்று தலைப்பிட்டோம்.

மோதும் வேளையில் சாலையின் உராய்வும் வண்டிகளைத் தடுக்குமே, அப்போது உந்தம் எவ்வாறு மாறாதிருக்கும் என்று நுட்பமாகக் கேட்கும் மாணவரும் உளர். மோதல் ஏறக்குறைய விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே நிகழ்வது. அந்நேரத்தில் உராய்வு கவரக்கூடிய உந்தம், நம் கணக்கில், 2,100 அலகு; மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. தீர்ப்பைத் தலைகீழாக்க அது போதாது. ஆனால் ஆற்றலைக் கொண்டு கணக்கிட முயல்வோர் பெரும்பிழைக்கு ஆளாவர். மேற்கூறிய மோதலில், வண்டிகள் கொண்டுவந்த இயக்க ஆற்றலில் நூற்றுக்கு 59 பங்கு தகடுகளை நசுக்குவதிலும், ஒலியிலும், வெப்பத்திலும் கழிந்துவிட்டது. உந்தம் அவ்வாறு கழிவதில்லை. நசுங்கிய தகட்டைக் கண்டு வேகத்தை மதிப்பிடுவோர், எளிதில் கணக்கிட முடியாததைக் கணக்கிடப் புகுகின்றனர்.

விஞ்ஞானத்திற்கு எல்லையும் உண்டு. அதை மறைத்துப் பேசுதல் தகாது. உந்தக் கணக்கு வேகத்தை உரைக்கும். எவர்க்கு முதல்வழி உரியது, எவர் விளக்கின்றி வந்தார், எவர் உறங்கினார் என்பவற்றை அது உரைக்க மாட்டாது. வண்டிகள் சிக்காமல் பிரிந்து சென்றால் இரண்டு தடங்களையும் தனித்தனியே அளந்து கூட்ட வேண்டும். வண்டிகள் சுழன்றிருந்தால் கணக்கு மேலும் சிக்கலாகும். நாம் கூறுவதெல்லாம் இவ்வளவே: வண்டியின் உருவத்தைக் கண்டு கூறும் தீர்ப்பைவிட, தடத்தைக் கண்டு கூறும் தீர்ப்பு நீதிக்கு நெருங்கியது.

இவ்வளவும் வண்டியும் வண்டியும் மோதுவதைப் பற்றியது. வண்டியும் மனிதனும் மோதினால் நிகழ்வது யாது? இதனை ஓட்டுநர் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். 1,000 கிலோகிராம் கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சாலையோரம் நடக்கும் 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை மோதித் தன்னோடு சேர்த்துக்கொண்டு செல்வதாகக் கொள்க. இரண்டின் பொது வேகம் மணிக்கு 56.6 கிலோமீட்டர். காரினுள் இருப்பவர் இழந்த வேகம் மணிக்கு 3.4 கிலோமீட்டர், மெதுவாகத் தடையை மிதித்தது போன்ற அசைவு. நடந்தவரோ, ஒரு விநாடியினும் மிகக் குறுகிய பொழுதில் மணிக்கு 56.6 கிலோமீட்டர் வேகத்தை ஏற்க நேர்ந்தது. கொடுத்த உந்தமும் பெற்ற உந்தமும் சமமே. பேரேடு சரியாகவே இருக்கின்றது. எனினும் ஒருவருக்கு அது குலுக்கல். மற்றவருக்கு அது மரணம். 'இலேசாகத்தான் பட்டது' என்று ஓட்டுநர் சொல்வது பொய்யன்று. அவர் உணர்ந்தது அவ்வளவே. தாம் உணர்ந்ததைக் கொண்டு பிறர் பட்டதை அளப்பதே அவர் பிழை.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு விபத்துகளின் தொகையில் தமிழ்நாடே முதலிடம் பெற்றது: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இம்முதன்மையை எவர் விரும்புவர்? இவ்வெண்களுக்குப் பின்னே எத்தனை சந்திப்புகளில், எத்தனை இளைஞர், 'மெள்ளத்தான் வந்தேன்' என்று உண்மையாகவோ பொய்யாகவோ கூறி நின்றனர் என்பதை எவ்வறிக்கையும் உரைப்பதில்லை.

இனி நம் கல்லூரியார் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, பௌதிக ஆய்வுக்கூடத்தில் கேரம் பலகையொன்று இடம்பெறுதல் வேண்டும். மேலே நிலையாகக் கட்டிய கைப்பேசியால் மோதலைப் படமெடுத்து, காய்கள் சென்ற வழியைக் காகிதத்தில் குறித்து, இரண்டு பேரேடுகளையும் மாணவர் தாமே எழுதிச் சரிபார்க்கட்டும். ஒருமுறை தம் கையால் சரிபார்த்தவர் தேர்வுக்குப் பிறகும் அதனை மறவார். செலவோ அற்பம்.

இரண்டாவது, இப்பாடத்தைத் தமிழிலும் விளக்கிக்கூற நம் மாணவர் பழகுதல் வேண்டும். விடைத்தாளில் ஆங்கிலத்தில் சூத்திரம் எழுதத் தெரிந்த மாணவர், ஆத்திரங்கொண்ட கூட்டத்தின் நடுவே, "அண்ணாச்சி, சற்றுப் பொறுங்கள், தடம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது பாருங்கள்" என்று சொல்ல இயலாவிடின், அக்கல்வி ஊருக்கு என்ன பயன் தரும்? அன்று நாம் வாய் திறவாது நின்றதற்கு அளவுகோல் இல்லாமை மாத்திரம் காரணமன்று. கரும்பலகைக்கு முன் சரளமாக வரும் சொற்கள் சாலையில் வரவில்லை என்பதும் காரணமே.

மூன்றாவது, தை மாதத்தில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் சாலையோரங்களில் நின்று தொண்டு செய்யலாம். நடந்து செல்வோர் வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைக் கண்ணால் காணும்படி நடக்குமாறு எடுத்துரைக்கலாம். இரவில் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகளை அவர்கள் முதுகிலும் பையிலும் ஒட்டலாம். குடிநீரும் உணவும் வழங்கும் தருமவான்கள் பலர் உளர். இப்பட்டையை வழங்குவோர் இன்னும் மிகுதல் வேண்டும்.

நான்காவது, விபத்தைக் காண நேரின் செய்ய வேண்டிய வரிசையை மனத்தில் கொள்க. முதலில் காயம்பட்டவரைக் கவனித்து 108-க்கு அறிவித்தல். அடுத்து, பின்வரும் வண்டிகள் மேலே மோதாதபடி எச்சரித்தல். அதன்பின், வண்டிகளை நகர்த்துமுன், அவை நின்ற இடத்தையும் தடம் சென்ற திசையையும் பல பக்கங்களிலிருந்து படமெடுத்துக் காவல் துறையினரிடம் அளித்தல். அளக்கவும் தீர்ப்பளிக்கவும் உரியவர் வேறு. சாட்சி அழியாமல் காப்பது நம் கடன்.

"கல்லூரி மாணவர் போலீஸாரின் வேலையைச் செய்வதா?" என்று சிலர் நகைக்கக் கூடும். நாம் சொல்வது அதுவன்று. முன்பே கூட்டத்தார் நீதிபதியின் வேலையைத் தாமே மேற்கொண்டிருக்கின்றனர். அதனைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. கற்றவன் ஒருவன் அங்கு நின்று, கைகளைத் தாழ்த்தி அளவுகோல் வரும்வரை பொறுக்குமாறு வேண்டுவானாயின், அதுவே அவன் கற்றதன் பயன்.

அந்தச் சந்திப்பை நாம் இப்போதும் அடிக்கடி கடந்து செல்கின்றோம். தடம் இல்லை, மோதிய அடையாளமும் இல்லை. அவ்விளைஞர் கூறியது மெய்யோ பொய்யோ, அதனை அறியும் வழி அன்று பத்து நிமிஷ நேரம் நம் காலடியில் கிடந்தது. இனி ஒருமுறை அவ்வாறு நேருமாயின், நம் மாணவர் கேட்கும் வினாவுக்கு நாம் விடையோடு நிற்போம் என்று துணிந்திருக்கின்றோம். நம் மாணவரும் அவ்வாறே துணிவாராக.